பரிதாபத்துக்கு வேலிடிட்டி மூணு நாள்!



போன வாரம் லேப் ரெக்கார்டு 'பார்த்து எழுதுற' கலையைப் பத்தி எழுதினேன் இல்லையா... 'யாரு அந்தப் பொண்ணு, எந்தக் காலேஜ்?'னு ரெண்டு மூணு புரொஃபஸருங்க விசாரிச்சாங்களாம். (சொல்ல மாட்டோமே!) அதனால இந்த வாரம் படிப்பு மேட்டருக்கு லீவு. வேற ஒண்ணு பேசுவோம். கொஞ்சம் சீரியஸ்தான், ஆனா சிரிச்சுக்கிட்டே பேசுவோம்.

முதல்ல ஒரு கேள்வி. உங்கள்ல எத்தனை பேர் காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருப்பீங்க? எக்ஸாம் டைம் கணக்குல வராது. ட்ரெயினைப் பிடிக்க எழுந்ததும் வராது. தினமும்... நிஜமா, தினமும்?

நான் எழுந்திருக்கிறேன். ஏழு மாசமா! தீபாவளி, பொங்கல், ரிசல்ட் வந்து நான் அழுத மறுநாள்னு எதுக்கும் விதிவிலக்கு கிடையாது. அலாரம் அடிச்சதும் எழுந்து, கையைக் கழுவிட்டு, வராந்தாவுக்குப் போய், பதினாலு கிலோ எடையுள்ள ஒரு ஜீவனோட அடிவயித்தை ரெண்டு கையாலயும் மெதுவா அமுக்கி, மூத்திரத்தை வெளியேத்தணும். அதுக்கப்புறம்தான் எனக்கு காபி!

'உவ்வே'னு பக்கத்தைப் புரட்டாதீங்க பாஸ். அந்த ஜீவன் பேரு பக்கோடா. வீட்டுல செல்லமா 'பக்கி'. பின்னங்கால் ரெண்டும் வேலை செய்யாத தெரு நாய். அவளை நான் தத்தெடுத்த கதையும், பாதியில திருப்பிக் கொடுக்கப் போன கதையும்தான் இந்த வாரம்.

அட்டெண்டன்ஸுக்குப் போன அன்னை தெரசா

உண்மையைச் சொல்லிடறேன். அந்தக் காப்பகத்துக்கு நான் போனது கருணை பொங்கி இல்லை. என்.எஸ்.எஸ். அட்டெண்டன்ஸுக்காக! ஒரு ஞாயித்துக்கிழமை, பன்னெண்டு பேர் போனோம். கூண்டு கழுவுற வேலை. முடிஞ்சதும் மொத்த கும்பலும் குட்டி நாய்ங்க இருக்கிற பக்கம் ஓடி செல்ஃபி எடுக்க ஆரம்பிச்சது. எனக்கும் குட்டி மேலதான் கண்ணு. வெள்ளையா, புசுபுசுனு ஒண்ணு. 'இதைக் கேட்டுப் பார்க்கலாமா'னு மனசுக்குள்ள பிளான் ஓடிக்கிட்டு இருந்தது.

அப்போ பின்னாடி 'சர்ர்ர்... சர்ர்ர்...'னு ஒரு சத்தம். தரையில சாக்குப்பையை இழுக்கிற மாதிரி. திரும்பினா, எண்ணெயில நல்லா சிவந்த வெங்காய பக்கோடா கலர்ல ஒரு நாய். முன்னங்கால் ரெண்டும் ஜோரா நடக்குது. பின்னங்கால் ரெண்டும் ஈரத்துணி மாதிரி பின்னாலயே இழுபட்டு வருது. காது நுனியில சின்னதா ஒரு வெட்டு. கருத்தடை ஆபரேஷன் முடிஞ்ச நாய்ங்கிறதுக்கு அதுதான் அடையாளம். நேரா வந்தா. என் ஷூ லேஸைக் கவ்வி அவிழ்த்தா. நிமிர்ந்து, 'எப்பூடி!'ங்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தா. அவ்வளவுதான், நான் காலி!

அங்கே இருந்த அக்கா சொன்னாங்க. ஜி.எஸ்.டி. ரோட்டுல எந்த வண்டியோ அடிச்சுட்டுப் போயிருக்கு. முதுகெலும்பு போச்சு. "ரெண்டு வருஷமா இங்கதான் இருக்கா. குட்டிங்க வந்த வேகத்துல போயிடும். இவளை யாரும் கேக்கிறதில்லை."

உடனே நம்ம உள்ளே தூங்கிட்டு இருந்த சினிமா ஹீரோயின் எழுந்துட்டா. "நான் கூட்டிட்டுப் போறேங்க்கா!"

அக்கா கைதட்டுவாங்கனு எதிர்பார்த்தேன். தட்டலை. மூணே மூணு கேள்வி கேட்டாங்க. "வீடு மாடியா, கீழயா?" கீழ்தான். "பகல்ல வீட்டுல யார் இருப்பா?" அம்மா, வீட்டுலயே தையல் மிஷின் வச்சிருக்காங்க. "படிப்பு முடிச்சிட்டு எங்க போகப் போற?"

மூணாவது கேள்விக்கு நான் சொன்ன பதில், நம்ம தேசிய கீதம்: "அப்போ பாத்துக்கலாங்க்கா!"

"ஒரு வாரம் யோசி. வீட்டுல கேளு. நாலு நாள் சாயந்தரம் வந்து இவளைப் பாத்துக்கக் கத்துக்கோ. அதுக்கப்புறமும் வேணும்னா பார்க்கலாம்"னு அனுப்பி வச்சாங்க. நாலு நாளும் ஒழுங்கா போனேன். வீட்டுல கேட்ட லட்சணம்தான் சரியில்லை. "ஒரு நாய் கொண்டு வரட்டுமாம்மா?"னு கேட்டேன். அம்மா பிளவுஸ் கைக்கு பைப்பிங் வச்சுக்கிட்டே, நிமிராம "ம்"னாங்க. அந்த ஒத்தை 'ம்'மை நான் முழு பர்மிஷனா எடுத்துக்கிட்டேன். கால் மேட்டரைச் சொல்லவே இல்லை.

இதுதான் நான் பண்ணின முதல் தப்பு. பெரிய தப்பு.

அவ திரும்பிப் பார்த்தாளா?

காப்பகத்துல சொன்னதை இன்னொரு தடவை உறுதி பண்ணிக்க, வேப்பேரிக்குக் கூட்டிட்டுப் போனேன். 1903-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கு. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல ஆடு, மாடு, பூனை, கிளினு உக்காந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தாலே அரை நாள் பொழுது போகும்.

எக்ஸ்ரேவை வெளிச்சத்துல வச்சு டாக்டர் விளக்கினாங்க. நாய்க்கு கழுத்துல ஏழு எலும்பு, மார்புப் பக்கம் பதிமூணு, இடுப்புப் பக்கம் ஏழு. மார்பு முடிஞ்சு இடுப்பு ஆரம்பிக்கிற ஜாயின்ட் இருக்கு பாருங்க, வண்டியில அடிபட்டா அதிகமா உடையற இடம் அதுதான். மெக்கானிக்கல் பசங்களுக்கு உடனே புரியும். விலா எலும்பு பிடிச்சு வச்சிருக்கிற கெட்டியான பகுதியும், சுலபமா வளையற பகுதியும் சேர்ற இடம். ஸ்ட்ரெஸ் அங்கேதானே குவியும்! பின்னங்காலுக்கும் மூத்திரப் பைக்கும் மூளை அனுப்புற தகவல் எல்லாம் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகணும். பக்கிக்கு லைன் அங்கேயே கட்.

டாக்டர் ஒரு டெஸ்ட் பண்ணினாங்க. பின்னங்கால் விரலை ஒரு கருவியால அழுத்திப் பிடிச்சாங்க. கால் வெடுக்குனு உள்ளே இழுத்துக்கிச்சு! "டாக்டர், கால் அசையுது!"னு நான் கத்தினேன். அவங்க அமைதியா கேட்டாங்க: "அவ திரும்பிப் பார்த்தாளா?"

பார்க்கலை. ஜன்னல்ல காக்காவை வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தா. கால் இழுத்துக்கிறது ரிஃப்ளெக்ஸ். அதுக்கு மூளை தேவையில்லை, தண்டுவடம் தனியாவே செய்யும். வலி மூளைக்குப் போயிருந்தா திரும்பிப் பார்த்திருப்பா, கத்தியிருப்பா, கடிக்க வந்திருப்பா. ரெண்டு வருஷம் கழிச்சும் அது இல்லைன்னா, பழையபடி நடப்பானு நம்பிக்கிட்டு இருக்கிறதுல அர்த்தம் இல்லை. "இவளை நடக்க வைக்கிறது உன் வேலை இல்லை. இப்படியே நல்லா வச்சுக்கிறதுதான் உன் வேலை"னாங்க.

தலையை ஆட்டிட்டு வந்தேன். புரிஞ்சுதானு கேட்டா... இல்லை.

நாலாவது நாள்

வீட்டுக்கு வந்த முதல் மூணு நாள், ஆஹா! பக்கோடா போட்டோ ஸ்டேட்டஸ்ல. 'யூ ஆர் கிரேட் யா', 'காட் பிளெஸ் யூ', அழுற பொம்மை, இதய பொம்மை. கிளாஸ்ல எப்பவும் 'குட் மார்னிங்' கூட சொல்லாத ஒருத்தன் வந்து, 'உன்னை நினைச்சா பெருமையா இருக்கு'ங்கிறான். எனக்கே என்னை நினைச்சா கண்ணு கலங்குது. ('என்னா மனசு சார் இது!')

நாலாவது நாள் ஸ்டேட்டஸ் மறைஞ்சிடுச்சு. நாய் மறையலை!

அப்புறம் ஆரம்பிச்சது பாருங்க. இழுத்துக்கிட்டே போறதால இடுப்பு எலும்பு தரையில உரசி புண். ஈரமா இருந்தா புண் இன்னும் பெருசாகும். அதனால கழுவணும், துடைக்கணும், காய வைக்கணும். கெட்டியான மெத்தை போடணும். முக்கியமா, ஒரு நாளைக்கு நாலு தடவை மூத்திரப் பையைக் காலி பண்ணணும். அவளால தானா போக முடியாது.

நான் காலையில ஒரு தடவை பண்ணிட்டு காலேஜ் போவேன். சாயந்தரம் வந்து ஒண்ணு. ராத்திரி ஒண்ணு. மத்தியானம்? 'சொட்டுச் சொட்டா தானாவே போயிட்டுத்தானே இருக்கு, அப்போ காலிதானே'னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இன்டர்னல்ஸ் வந்ததும் ராத்திரி ஷிஃப்ட்டும் கட்!

இங்கேதான் எல்லாரும் ஏமாறுவாங்களாம். சொட்டுச் சொட்டா போகுதுன்னா பை காலினு அர்த்தம் இல்லை. நிரம்பி வழியுதுனு அர்த்தம்! மொட்டை மாடி டேங்க் நிரம்பினா ஓவர்ஃப்ளோ பைப்புல தண்ணி கொட்டுமே, அதே கதை. அதைப் பார்த்து 'டேங்க் காலி'னு சொல்ற இன்ஜினீயர் நான் ஒருத்திதான். தேங்கி நின்ன மூத்திரத்துல கிருமி வளரும். அது கிட்னி வரைக்கும் போகும்.

பத்தொன்பதாவது நாள். நான் கிளாஸ்ல இருக்கேன். அம்மா போன். "ஏண்டி... இது சாப்பிட மாட்டேங்குது. ரத்தமா போகுதுடி."

ட்ரெயினைப் பிடிச்சு வந்து, ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினேன். நாய்க்கு நார்மலா 101-ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் உடம்புச் சூடு இருக்கும். பக்கிக்கு 104-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் டியூப் போட்டு பையைக் காலி பண்ணும்போது எவ்வளவு வந்ததுங்கிறதை நான் இங்கே எழுதலை. எழுதினா எனக்கே அழுகை வரும். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்மா"னு மட்டும் சொன்னாங்க.

வீட்டுக்கு வந்தா இன்னொரு ஷாக். காலையில இழுத்துக்கிட்டே தையல் ரூமுக்குள்ள போயிருக்கா. கல்யாணப் பட்டு பிளவுஸ் ஒண்ணு கீழே இருந்திருக்கு. புது துணி வாங்கிக் கொடுத்து, தையல் கூலியையும் விட்டுக் கொடுத்தாங்க அம்மா. அம்மாவோட அந்த வார வருமானம் அதுல போச்சு.

அன்னிக்கு ராத்திரி அம்மா என்னைத் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். நிதானமா கேட்டாங்க: "நீ கூட்டிட்டு வந்த. எல்லாரும் உன்னைத்தான் பாராட்டினாங்க. மத்தியானம் அது நனைஞ்சு கெடக்கும்போது துடைக்கிறது யாரு? என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

பதில் இல்லை. எனக்கு மட்டும் இல்லை மக்காஸ், வீட்டுல இருந்து காலேஜ் போற முக்கால்வாசி பேர்கிட்ட இதுக்குப் பதில் இருக்காது. 'நான் நாய் வளர்க்கிறேன்'னு நாம சொல்வோம். வளர்க்கிறது அம்மாவா இருக்கும்!

டெப்போ ஸ்டைல் டியூட்டி சார்ட்

மறுநாள் காலையில காப்பகத்து அக்காவுக்கு போன் போட்டேன். "அக்கா, என்னால முடியலை. திருப்பிக் கொண்டு வந்துடட்டுமா?" சொல்லும்போதே கூசுச்சு.

அக்கா கோபப்படலை. "கொண்டு வா, தப்பே இல்லை. ரோட்டுல விடாம என்கிட்ட கேட்டியே, அதுவே போதும். ஆனா ஒண்ணு சொல்லு. யார், எத்தனை மணிக்கு, என்ன செய்யணும்னு பேப்பர்ல எழுதிப் பார்த்தியா?"

பார்க்கலை. மனசுல நல்ல எண்ணம் இருந்துச்சு. பேப்பர்ல ஒண்ணுமே இல்லை.

போனை வச்சதும், அதுவரைக்கும் நாய் விஷயத்துல வாயே திறக்காத அப்பா கிட்ட வந்தார். அப்பா பஸ் கண்டக்டர். "ஒரு பேப்பர் எடு"ன்னார். டெப்போவுல போடுற மாதிரி கட்டம் கட்டினார். காலை 5 - நான். 11 - அம்மா. மாலை 5 - தம்பி. (பிளஸ் ஒன் படிக்கிறவனுக்கு இது நல்ல பாடம்!) இரவு 10.30 - அப்பா. அவருக்கு நைட் டியூட்டினா நான். புண் செக் பண்றது, படுக்கை அலசுறது ஞாயிறு தவிர தினமும் நான். அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை முழு லீவு. சண்டை வந்தாலும் டியூட்டி மாறாது. மாத்திக்கணும்னா முதல் நாளே சொல்லணும்.

"ஓட்ட முடியாத ட்ரிப்பை எந்த டெப்போவும் சார்ட்ல போடாது. ஒரு மாசம் ஓட்டிப் பார்ப்போம். முடியலைன்னா மரியாதையா கொண்டு போய் விட்டுடலாம்"னார் அப்பா.

ஒரு மாசம் ஓடுச்சு. ரெண்டாச்சு. டாக்டர்கிட்ட அம்மாவும் தம்பியும் வந்து முறையைக் கத்துக்கிட்டாங்க. பை எங்கே இருக்குனு விரல்ல தேடணும். தண்ணி அடைச்ச பலூன் மாதிரி தட்டுப்படும். ஒரே சீரா அழுத்தணும். வேகமா அமுக்கினா உள்ளே காயமாயிடும். (இதைப் படிச்சிட்டு யாரும் ட்ரை பண்ணாதீங்க. டாக்டர் கை வச்சுச் சொல்லிக் கொடுத்தாதான் வரும்.) இப்போ அம்மாவுக்கு ரெண்டு நிமிஷ வேலை. என்னைவிட ஸ்பீடு!

ஃபெயிலான ப்ராஜெக்ட்... பாஸான ப்ராஜெக்ட்

மூணாவது மாசம் எனக்குள்ள இருந்த மெக்கானிக்கல் முழிச்சுக்கிட்டா. நாய்க்கு சக்கர வண்டி ரெடிமேடா கிடைக்குது. விலையைப் பார்த்துட்டு மூடி வச்சேன். முக்கால் இன்ச் பி.வி.சி. பைப், எல்போ, டி-ஜாயின்ட், கொஞ்சம் பசை, ரெண்டு குழந்தை சைக்கிள் சக்கரம். பன்னெண்டு இன்ச் சைஸ். காயலான் கடையில பேரம் பேசி வாங்கினது. இவ்வளவுதான் மெட்டீரியல்.

முதல் வண்டி படு கேவலம்! சக்கரத்தை இடுப்புக்கு ரொம்பப் பின்னாடி வச்சுட்டேன். நாயோட எடையில சுமார் 60 சதவிகிதம் முன்னங்கால்லதான் இருக்கும். சக்கரம் பின்னாடி போகப் போக முன்னங்காலுக்கு லோடு இன்னும் ஏறும். பத்து அடி நடந்தா, தோள் நடுங்கி உக்காரப் பார்த்தா. வண்டி உக்கார விடலை. 'என்னை ஏண்டி இப்படிப் படுத்துற'னு ஒரு பார்வை! திரும்பும்போது வண்டி வேற குடை சாய்ஞ்சுது. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இடைவெளி பத்தலை. செமஸ்டர்ல மொமென்ட்ஸ் பாடத்துல நான் வாங்கின மார்க் எவ்வளவு தெரியுமா? எண்பத்தி ஒண்ணு. பேப்பர்ல!

ரெண்டாவது வண்டிக்கு முதல்ல நாயை அளந்தேன். சக்கரத்தை இடுப்புக்கு நேர் கீழே, ஒரு துளி முன்னாடி தள்ளினேன். ரொம்ப முன்னாடி போனா முன்பக்கம் தூக்கிடும், ஜாக்கிரதை! சக்கர இடைவெளியைக் கூட்டினேன். ஆக்ஸில் போல்ட்டுக்கு மரை போட்டுக் கொடுத்தது எங்க ஒர்க்‌ஷாப் அண்ணன். உடம்பு உரசற இடமெல்லாம் ஏசி பைப்புல சுத்துற கருப்பு ஃபோம். இடுப்பைத் தாங்குற பெல்ட்டையும், பின்னங்கால் தரையில படாம தூக்கிக் கட்டுற தொட்டிலையும் அப்பாவோட பழைய ஜீன்ஸ்ல தைச்சுக் கொடுத்தது... வேற யாரு, அம்மாதான்!

தெருவுல இறக்கி விட்டோம். ரெண்டு செகண்ட் அசையலை. எதிர்வீட்டுச் சுவர் மேல இருந்து ஒரு பூனை குதிச்சுது. அவ்வளவுதான், 'கடகடகட'னு பறந்தா பாருங்க! தம்பி பின்னாடி ஓடுறான், ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி கோலத்தைக் காப்பாத்த ஓடுறாங்க. அன்னிக்குதான் அம்மா அவளைப் பார்த்து முதல் தடவையா சிரிச்சாங்க.

இது சினிமா இல்லை மக்காஸ். வண்டி வந்ததால மூத்திரப் பை பிரச்னை போயிடலை. வண்டியில அவளால படுக்க முடியாது. அதனால இருபது நிமிஷத்துக்கு மேல மாட்டி வைக்கக் கூடாது, தனியா விடவே கூடாது. மிச்ச நேரம் முழுக்க அதே பழைய டியூட்டிதான்.

"ஊசி போட்டு அனுப்பிடலாமே?"

தெருவுல கூட்டிட்டுப் போனா தினமும் ஒருத்தராவது கேப்பாங்க: "பாவம், ஏன் இப்படி வச்சு வதைக்கிறீங்க? ஊசி போட்டுடலாமே?"

முன்னாடி கோபம் வரும். இப்போ வர்றதில்லை. ஏன்னா அது தப்பான கேள்வி இல்லை. தீராத வலியில துடிக்கிற பிராணிக்கு அதுதான் கருணைனு டாக்டரே சொல்ற நிலைமை நிஜமாவே உண்டு. நானும் டாக்டர்கிட்ட கேட்டேன். அவங்க திருப்பி மூணு கேள்வி கேட்டாங்க. சாப்பிடுறாளா? விளையாடுறாளா? உங்களைப் பார்த்தா குஷியாகுறாளா? மூணுக்கும் 'ஆமா'. "அப்போ கஷ்டம் அவளுக்கு இல்லை, உங்களுக்குத்தான்"னாங்க. நாம அவ காலைப் பார்த்து 'ஐயோ'ங்கிறோம். அவ நம்ம தட்டுல இருக்கிற தோசையைப் பார்த்து 'ஆஹா'ங்கிறா. அவ்வளவுதான் வித்தியாசம்.

பதில் சொல்லாத மூணாவது கேள்வி

'படிப்பு முடிச்சிட்டு எங்க போகப் போற?'

அடுத்த வருஷம் எனக்கு ஃபைனல் இயர். கேம்பஸ் வரும். வேலை கிடைச்சா பெங்களூரா, புனேவா, யாருக்குத் தெரியும்? பி.ஜி.யில நாய்க்கு இடம் கிடையாது. பக்கிக்கு இப்போ நாலு வயசு இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. நாய்ங்க பத்து வருஷத்துக்கு மேல வாழும். கணக்குப் போட்டுப் பாருங்க. எனக்கு இருபத்தாறு, இருபத்தேழு ஆகிற வரைக்கும் இந்த அஞ்சு மணி அலாரத்துக்கு யாராவது எழுந்திருக்கணும்.

நமக்கு இருபது வயசுல ஆறு மாசத்துக்கு மேல பிளான் பண்ணிப் பழக்கம் இல்லை. செமஸ்டர் கணக்குலதான் வாழறோம். நாய் செமஸ்டர் கணக்குல வாழறது இல்லை!

இந்தத் தடவை ஒழுங்கா கேட்டேன். பொங்கல் லீவுல நாலு பேரும் உக்காந்தோம். அம்மா கண்டிஷன் போட்டாங்க. நான் வெளியூர் போனா, முதல் சம்பளத்துல இருந்தே மாசாமாசம் பக்கி செலவு என்னோடது. காலையில ஒரு வேளைக்கு பக்கத்துத் தெரு அக்காவை சம்பளம் கொடுத்துப் பழக்கணும், இப்பவே! அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போறப்போ நான் லீவு போட்டுட்டு வரணும். "முடியாதுனு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடு. நல்ல வீடா நிதானமா தேடலாம். கடைசி நாள்ல சொல்லாத."

'முடியும்'னு சொன்னேன். உடனே சொல்லலை. ரெண்டு நாள் யோசிச்சு, பேப்பர்ல எழுதிப் பார்த்துட்டுச் சொன்னேன். சென்னையிலயே வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிறதும் தனியா ஓடிக்கிட்டுதான் இருக்கு.

உங்களுக்கும் ஆசையா? முதல்ல இதைப் படிங்க!

* 'வளர்க்கட்டுமா?'னு கேக்காதீங்க. 'மத்தியானம் பதினோரு மணிக்கு நீங்க இதைச் செய்வீங்களா?'னு கேளுங்க. 'ம்' பதில் செல்லாது!

* கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி குறைஞ்சது நாலு நாள் காப்பகத்துக்குப் போய், எல்லா வேலையையும் உங்க கையால செஞ்சு பாருங்க. அருவருப்பா இருந்தா தப்பில்லை. அது முன்னாடியே தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் நல்லது.

* ஊனமுள்ள பிராணிகள் எல்லாத்துக்கும் இவ்வளவு வேலை இருக்காது. மூணு கால் நாய், ஒத்தைக் கண் பூனை எல்லாம் கிட்டத்தட்ட மத்ததுங்க மாதிரியேதான். காது கேக்காத நாய்க்கு கை ஜாடை பழக்கலாம். கண் தெரியாத நாய் வீட்டை மனப்பாடம் பண்ணிக்கும், நீங்க சோபாவை இடம் மாத்தாம இருந்தா போதும்.

* வருஷா வருஷம் ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம். நாய் கடிச்சாலோ பிராண்டினாலோ, உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

* முடியலைன்னா காப்பகத்துல சொல்லுங்க. ரோட்டுல விடாதீங்க. 1960-ம் வருஷ பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினி கிடக்கும்படி கைவிடறது குற்றம். அந்தச் சட்டம் முதல் தடவைக்கு வச்ச அபராதம் பத்துல இருந்து அம்பது ரூபாய்! சட்டத்துக்குப் பயந்து யாரும் நல்லா இருக்கப் போறதில்லை, நாமளா இருந்தாதான் உண்டு. 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி டெல்லி தெருநாய் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதேதான். தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனா அது மறுபடி தெருவுக்கு வராம பாத்துக்கிறது தத்தெடுத்தவங்க பொறுப்பு.

* ஹாஸ்டல்வாசிகளே, உங்களுக்குத் தத்து வேண்டாம். காப்பகத்துல மாசம் ரெண்டு ஞாயிறு வேலை செய்யுங்க. 1959-ல கேப்டன் சுந்தரம் ஆரம்பிச்ச சென்னை ப்ளூ கிராஸ்ல தொடங்கி இன்னிக்கு எத்தனையோ காப்பகம் இருக்கு. எல்லா இடத்துலயும் காசுக்கு இருக்கிற பஞ்சத்தை விட கைக்கு இருக்கிற பஞ்சம் பெருசு. மெக்கானிக்கல் மக்களே, மினி ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையறீங்களா? ஒரு நாயை அளந்து வண்டி செய்யுங்க. நாங்க அடுத்த செமஸ்டர்ல அந்தக் காப்பகத்துக்கு மூணு வண்டி செய்யறோம். இந்தத் தடவை அளந்துட்டுத்தான் பைப்பை வெட்டுவோம்!

சரி மக்காஸ், மணி அஞ்சாகப் போகுது. சாயந்தரம் அஞ்சு. இன்னிக்கு தம்பி டியூட்டி. ஆனா ஐயாவுக்கு கிரிக்கெட் மேட்சாம், நேத்தே சொல்லி மாத்திக்கிட்டான். வராந்தாவுல இருந்து 'சர்ர்ர்... சர்ர்ர்...'னு சத்தம் கேக்குது. மேடம் ரெடி!

அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா!